ஆயிரம் ரூபாயில் வந்த சோம்பலா?

கொரோனா ஊரடங்கில் கொடுத்த நிவாரணமே அதிகம், அதை மாதாமாதம் நீட்டித்திருந்தால் கூலிக்காரர்கள் வேலையையே மறந்திருப்பார்கள் என்கிறார், இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் வருசநாட்டுக்காரர் ஒருவர். 2020-ல் காய் எடுக்க ஆள் வராததுதான் அவர் காட்டும் சாட்சி. சாட்சி பொய், வாதம் கொடுமை.

ஆள் ஏன் வரவில்லை என்பது அவருக்கே தெரியும். கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப் ஏறி, மலையில் வேலை பார்த்துவிட்டு இருட்டும்போது வீடு திரும்புகிற பெண்கள் அவர்கள். அந்த மார்ச்சில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று பாதையும் அடைபட்டன. பிறகு இ-பாஸ் கேட்டார்கள். சாவடியில் மறிக்கப்பட்டவளைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்ல எப்படி நாக்கு வருகிறது? வருசநாட்டிலிருந்து பிழைப்புக்குத் திருப்பூர் போய்வந்தவர்கள்தான், பஸ்ஸே ஓடாத நாட்களில் வழியிலுள்ள கடமலைக்குண்டைத் தாண்டுவதே எப்படி?

கொடுத்ததுதான் எவ்வளவு? அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்கு அரசே வைத்த கூலி 256. ஒரு குடும்பம் முழுவதற்கும் கிடைத்தது ஒரு ஆளின் நான்கு நாள் கூலிகூட இல்லை. ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500, அதுவும் மூன்றே மாதம். ரேஷனில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் இலவசமாக வந்தன. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் சர்க்கரை மாத்திரைக்கும் குழுக்கடன் தவணைக்கும் அரிசியையா அளந்து கொடுப்பது?

இதே நாட்டில், வேலை இழந்த, இ.எஸ்.ஐ. காப்பீட்டு அட்டையுள்ள தொழிலாளிக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை கொடுக்க அதே 2020-ல் விதி தளர்ந்தது. அவரை யாரும் சோம்பேறி என்று ஏசவில்லை. ஏசவும் கூடாது. தினக்கூலிக்காரியிடம் அந்த அட்டை இல்லை என்பதால் அவள் வீட்டு அடுப்பு தானாக எரியுமா?

பதிவேடு இல்லாதவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்றும் அந்தத் தோட்டக்காரர் கேட்கிறார். 2021 மே, ஜூனில் அரிசி அட்டைக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தது ரேஷன் கடைதான். அந்தக் கடை 2020-லும் திறந்துதான் இருந்தது. உதவி கொடுத்தால் வேலையை மறப்பார்கள் என்பதும் பொய். அமெரிக்காவில் 2021-ல் ஏறக்குறையப் பாதி மாநிலங்கள் வேலை இழந்தவர்களுக்கான கூடுதல் உதவியை முன்கூட்டியே வெட்டின. அதனால் வேலைக்குத் திரும்பியவர்கள் சொற்பம். வருமானம் இழந்தவர்களே அதிகம்.

இனியொரு தொற்று வந்து மலைப்பாதையை அடைக்க உத்தரவு போட்டால், அடைத்திருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் பாதிக் கூலியாவது வீட்டுக்கு வரும் என்று அதே உத்தரவில் எழுதப்பட வேண்டும்.