பெட்டி பழசல்ல, பூட்டுத்தான் புதுசு!



நம் உறுப்பினர் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தில் மொத்தம் பதினொரு குடித்தனங்கள். வாடகை, தண்ணீர், மின்சாரம் போக, வைஃபைக்கென்று குடித்தனத்துக்கு மாதம் 150 ரூபாய். பெருக்கிப் பாருங்கள்: 1,650 ரூபாய். கட்டடத்துக்கு வந்திருப்பதோ ஒரே ஓர் இணைப்பு. அது வீட்டுக்காரர் பெயரில், வீட்டுக்காரர் அறையில்.

அந்தக் குடும்பத்துப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கையில் இருந்தது, ஊரில் அவள் அத்தை மகனுக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்த லேப்டாப். அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கும் மொட்டை மாடிக்குமாக அலைந்தாள். கட்டடத்து வைஃபையின் பெயரே திரையில் வரவில்லை. "பெட்டி பழசு, தூக்கிப் போடு" என்றார் வீட்டுக்காரர். ஒரு கடைக்காரரும் அதையே சொல்லி, மாதத் தவணைக்குப் புதுசு ஒன்றை எடுத்துக் காட்டினார். கடைசியில் தாய் அன்றைய வேலையை விட்டுவிட்டு, மகளோடு சைபர் கடை வரிசையில் நின்று விண்ணப்பத்தைப் போட்டார். கூலியும் போயிற்று, காசும் போயிற்று. அப்படியானால் மாதாமாதம் கட்டிய 150 ரூபாய் எதற்கு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். விஷயம் தெரிந்த நம் இளைஞர்கள் அதைச் சோதித்தார்கள். பழுது ஒன்றுமில்லை! பிறகு கட்டடத்துக்கே போய், வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு ரூட்டரைப் பார்த்தார்கள். குற்றவாளி அங்கேதான் இருந்தான்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். ஐந்து வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் சுவர் தாண்டி அதிக தூரம் போகும். பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். அந்தக் கட்டடத்து ரூட்டரில் 2.4-ஐ நிறுத்தி வைத்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் புதுப் போன் வைத்திருப்பவருக்கு வேகம் கிடைத்தது. மேல்மாடியில் பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு ஒன்றுமே இல்லை, ஆனால் காசு மட்டும் சமம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இது. இங்கே பழி பெட்டியின் தலையில் விழுந்தது.

வேறு இடங்களில் வேறு காரணங்களும் உண்டு. வைஃபையின் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு சரியாகப் போட்டாலும் சேர மறுக்கிறது என்றால், ரூட்டரை டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய பாதுகாப்பு முறையில் மட்டும் வைத்திருக்கலாம். பழைய முறையான டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் சேர்த்து ஏற்கும்படி அதை மாற்றினால் போதும். பாஸ்வேர்டே இல்லாமல் திறந்துவிடச் சொல்லாதீர்கள், அது ஆபத்து. வைஃபை சேர்ந்தும் பக்கங்கள் திறக்கவில்லையா? பெட்டியின் தேதியைப் பாருங்கள். உள்ளே உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்பான பக்கங்கள் திறக்க மறுக்கும். தேதியைத் திருத்துங்கள், பேட்டரியை மாற்றுங்கள். பெட்டியின் வைஃபை பாகமே போய்விட்டால், யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன வைஃபை டாங்கிள் நேரு பிளேசில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் போனை யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்து நெட் எடுக்கலாம். இத்தனை வழி இருக்க, முப்பதாயிரம் ரூபாய்க் கடன் எதற்கு?

பெட்டிகளை வயதுக்கு முன்னே கிழவனாக்குவதும் ஒரு வியாபாரம்தான். விண்டோஸ் 7-க்கான ஆதரவை 2020 ஜனவரி 14-இல் நிறுத்தினார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தினார்கள். விண்டோஸ் 11-ஓ பழைய பெட்டிகள் பலவற்றை ஏற்பதே இல்லை. ஆனால் லினக்ஸ் இலவசம். எடை குறைந்த லினக்ஸ் வகை ஒன்றை ஏற்றினால் பத்து வருடப் பெட்டியும் இணையத்துக்கு வரும், பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் நாட்டுச் சரக்கே. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற பெட்டிகளை இன்று குப்பை என்று சொல்ல யாருக்கு உரிமை?

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறோம். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுல்லா நாலாவின் ஓரம் இருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். ஒரு பகுதியினருக்கு டில்லியின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்கள் வாடகை தேடி அலைந்தார்கள். ஒரே தெருவில் இருந்தவர்கள் சிதறிப்போனோம். பள்ளியும் வேலையும் தூரமாகிவிட்ட பிள்ளைகளுக்கு, அந்தப் பழைய பெட்டியும் ஒரு வைஃபையும்தான் இன்று பள்ளிக்கூடப் படிக்கட்டு.

சட்டம் என்ன சொல்கிறது? இணைய வசதி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஏழை மாணவர்களுக்குக் கருவியும் இணைய வசதியும் தர வேண்டும் என்று 2020 செப்டம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் பள்ளிகளுக்கு உத்தரவிட்டது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆகவே தீர்ப்பை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

"யாராவது தவறாகப் பயன்படுத்தினால் போலீஸ் என் வீட்டுக்குத்தானே வரும்?" என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பூட்டு அல்ல, ஒழுங்கு. பி.எம்.வாணி என்று 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி ஒரு பெட்டிக்கடைகூட லைசென்சோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். பயன்படுத்துபவர் தம் போன் எண்ணால் அடையாளம் காட்டி நுழைவார். பெட்டிக்கடை செய்யக்கூடியதைப் பதினொரு குடித்தனம் செய்ய முடியாதா?

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். பாஸ்வேர்டு தெரிந்த நம்மவரே பக்கத்து அறைத் தமிழனுக்குச் சொல்வதில்லை. "அவன் வேறு மாவட்டத்துக்காரன்" என்கிறோம். வீட்டுக்காரரிடம் தனியாகப் போய்க் கெஞ்சுகிறோம், சேர்ந்து போய்க் கேட்பதில்லை. தனியாகப் போனவருக்குக் கிடைத்தது "தூக்கிப் போடு" என்ற பேச்சு. நால்வராகப் போனபோது அதே வீட்டுக்காரர் கதவைத் திறந்தார், ரூட்டரைக் காட்டினார், கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்று மாலையே அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் கட்டடத்து வைஃபை வந்தது.

ஆகவே ஒவ்வொரு கட்டடத்திலும் குடித்தனக்காரர்கள் கூடி இந்த நான்கையும் கேட்போம்:

1. வைஃபைக்குக் காசு வாங்கினால் இணைப்பின் உண்மையான பில்லைக் காட்ட வேண்டும். அதைப் பங்கிட்டுத்தான் வாங்க வேண்டும்.

2. ரூட்டரில் 2.4 எப்போதும் இயங்க வேண்டும். பழைய பெட்டியைச் சேர்க்கும் அமைப்பு இருக்க வேண்டும்.

3. ரூட்டரைப் பொதுவான மாடிப்படி நடையில் வைக்க வேண்டும்.

4. இல்லையெனில் குடித்தனங்கள் கூட்டாகத் தனி இணைப்பு எடுக்கத் தடை சொல்லக் கூடாது.

சங்கத்தின் பங்கும் உண்டு. ஞாயிறுதோறும் கூட்டத்துக்குப் பழைய லேப்டாப்புகளைக் கொண்டுவாருங்கள். நம் இளைஞர்கள் பார்த்துத் தருவார்கள், கூலி கிடையாது. கற்றுக்கொண்டு போகிறவர் தம் கட்டடத்தில் இன்னொருவருக்குக் கற்றுத்தர வேண்டும். அதுதான் கட்டணம்.

பரணில் கிடக்கும் பெட்டியை இறக்குங்கள். தூசியைத் தட்டுங்கள். அடுத்த விண்ணப்பக் கடைசி நாளில் நம் பிள்ளை எவரும் மாடிப்படியில் அலையக் கூடாது.