தொடலாமோ, கூடாதோ?

"டாப்லெட்" என்ற சொல்லைக் கேட்டதும் சென்ற தலைமுறையார் தண்ணீர்ச் செம்பைத் தேடுவார்கள். அவர்களுக்கு அது மாத்திரை. இன்றைக்கோ அந்தச் சொல்லுக்கு வேறோர் அர்த்தம் வந்து, அதுவே முதல் அர்த்தமாகவும் ஆகிவிட்டது. ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள கண்ணாடிப் பலகை. விரலால் தொட்டால் படம் வரும், மறுபடி தொட்டால் பாட்டு வரும். இதை விழுங்க வேண்டியதில்லை. இதன் விலையை விழுங்குவதுதான் சற்றுக் கஷ்டம்.

சென்ற வாரம் திருச்சி தில்லை நகரில் ஒரு மின்சாதனக் கடையில் நாம் ஒரு மணி நேரம் நிற்கும்படி நேர்ந்தது. வீட்டு மிக்ஸியின் ஜாரை மாற்றித் தருவதாகச் சொன்ன பையன், "அஞ்சு நிமிஷம் சார்" என்று உள்ளே போனான். கடைக்காரர்களுடைய ஐந்து நிமிஷம் எவ்வளவு என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே நாம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தோம்.

எதிரே ஒரு நீண்ட மேஜை. அதன்மேல் ஏழெட்டு டாப்லெட்டுகள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கம்பி. இழுத்தால் மணி அலறும். அப்பால் குளிர்சாதனப் பெட்டிகள் வரிசையாக நிற்குமிடத்திலும் பெட்டிக்கு ஒன்றாகத் திரைகள் வைத்திருந்தார்கள். பெட்டியின் குணாதிசயங்களை அவை சொல்லுமாம். எல்லாத் திரைகளிலும் ஒரே வாசகந்தான்: "என்னைத் தொட்டுப் பாருங்கள்."

முதலில் வந்தது ஐந்து வயதுக் குழந்தை. அது யாரையும் உத்தரவு கேட்கவில்லை. நேரே போய் ஒரு யானையைச் சிவப்பு வர்ணத்தில் வரைந்தது. "தொடாதே! போட்டு உடைச்சுடுவே!" என்று தாயார் ஓடி வந்தாள். அரை நிமிஷம் கழித்துப் பார்த்தால் தாயார் யானைக்குத் தும்பிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை அவளுடைய புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அடுத்து இரண்டு கல்லூரி மாணவர்கள். அவர்கள் படத்தையோ பாட்டையோ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கருவியின் அந்தரங்கத்துக்குள் நுழைந்து ஞாபகசக்தி எவ்வளவு, பாட்டரி எவ்வளவு என்று சோதித்தார்கள். பிறகு தங்கள் செல்போனை எடுத்து, அதே சாமானுக்கு வேறிடத்தில் என்ன விலை என்று பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது தங்கள் முகத்தையே ஒரு படம் பிடித்து அதில் விட்டுப் போனார்கள்.

நாற்பது வயதுக்கு மேற்பட்ட கனவான்களின் போக்கே வேறு. முதலில் விலைச் சீட்டு, பிறகு கடைப் பையன் எங்கே நிற்கிறான் என்று ஒரு பார்வை, அதன் பிறகே விரல். அந்த விரலும் இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டதா என்று பார்ப்பதுபோல் தொட்டவுடன் பின்வாங்கிவிடுகிறது. இந்தக் கோஷ்டியைப் பற்றி நாம் அதிகம் சொல்லப் போவதில்லை. நாமும் இதில் சேர்ந்தவர்கள்தாம்.

எல்லாரிலும் நம் மனத்தைக் கவர்ந்தவர் ஒரு பாட்டியம்மாள். பேரன் குளிர்சாதனப் பெட்டியின் திரையைத் தொட, திரையிலிருந்த பெட்டி தானே திறந்து, உள்ளே ஆப்பிளும் திராட்சையுமாகக் காட்டியது. பாட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நிஜப் பெட்டியின் கதவைத் திறந்தார். உள்ளே முழங்கை வரையில் கையை விட்டார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே எத்தனை இடம் என்று சாண் போட்டுப் பார்த்தார். "இதிலே இட்லி மாவுப் பாத்திரம் நிக்குமா?" என்று கேட்டார். லிட்டர் கணக்கும் நட்சத்திரக் கணக்கும் ஒப்பித்துக்கொண்டிருந்த திரைக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. கடைப் பையன் ஓடிப்போய் அடுத்த பகுதியிலிருந்து ஒரு பெரிய குக்கரை எடுத்து வந்து உள்ளே வைத்துக் காட்டினான். வியாபாரம் முடிந்தது!

அந்தப் பையனிடம் மெள்ளப் பேச்சுக் கொடுத்தோம். "இந்தத் திரை வந்ததிலிருந்து ரொம்பப் பேர் எங்ககிட்டே விலையைத்தான் சார் கேக்கிறாங்க. மத்ததெல்லாம் அதுங்கிட்டேயே பேசிக்கிறாங்க" என்றான். அதில் வருத்தம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று நம்மால் பிரித்தறிய முடியவில்லை.

நாம் சிறுவயதில் பார்த்த ரேடியோக் கடைகளில் சாமான்கள் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. வாங்குகிறவர் பணக்காரர் என்று தெரிந்தால்தான் சாவி வெளியே வரும். ஒரு டேப் ரிக்கார்டரின் பொத்தானை அமுக்கிவிட்டு நாம் வாங்கிய வசவு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. சீமையிலும் முன்காலத்தில் ஏறக்குறைய இதே வழக்கந்தான். கேட்டால்தான் பணியாள் எடுத்துக் காட்டுவார். செல்ஃப்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் 1909-ல் லண்டன் ஆக்ஸ்போர்டு வீதியில் பிரம்மாண்டமான கடையொன்றைத் திறந்து, சரக்குகளை ஜனங்கள் பார்க்கும்படியும் தொடும்படியும் பரப்பி வைத்தார். வாங்காவிட்டாலும் பாதகமில்லை, வந்து பாருங்கள் என்றார். அவர் ஒன்றும் தர்ம சத்திரம் கட்டவில்லை. தொட்ட கை சும்மா போகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய சூத்திரத்துக்கு நூறு வருஷம் கழித்து வியாக்கியானம் கிடைத்தது. ஜோவான் பெக், சுசேன் ஷூ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு காப்பிக் கோப்பையையும் ஒரு கம்பிச்சுருள் பொம்மையையும் சிலரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மற்றவர்களைக் கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார்கள். தொட்டவர்களுக்கு அந்தச் சாமான் ஏற்கனவே தங்களுடையதுபோல் ஓர் எண்ணம் உண்டாகிவிட்டதாம். 2014-ல் ஆடம் பிராசல், ஜேம்ஸ் கிப்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சாமானையே தொட வேண்டுமென்பதில்லை, திரையில் தெரியும் அதன் படத்தை விரலால் தொட்டாலே போதும், "எனது" என்ற பற்று வந்துவிடுகிறது என்று கண்டார்கள். மவுஸைப் பிடித்துக்கொண்டு அதே படத்தைப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு பற்று வரவில்லை. இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் முன்னாலேயே, 2003-ல், அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்து அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பண்டிகைக் காலத்தில் ஜனங்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. சாமானைக் கையில் கொடுத்து, 'உங்களுடையதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் கடைக்காரரிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்பது அதன் சாரம். நம் ஊர்ப் புடவைக் கடையில் மாமிகளின் தோளில் புடவையைப் போட்டுக் காட்டுகிறவர் இதைக் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த புடவையைப் பிரிப்பார்.

2011 மே மாதத்தில் ஆப்பிள் கம்பெனி தன் கடைகளில் விலை எழுதிய அட்டைகளை எடுத்துவிட்டு, சாமான் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஐபேடை நிறுத்தியது. விலையும் விபரமும் அதில் தெரியும். பணியாள் வேண்டுமென்றால் அதிலேயே தொட்டு அழைக்கலாம். 2015-ல் அவற்றை எடுத்துவிட்டார்கள். விற்கும் கருவியே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடாயிற்று. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறவர்களிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம்? கடையில் வைக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குக் 'கடை முறை' என்றும் 'வீட்டு முறை' என்றும் இரண்டு உண்டு. கடை முறையில் வெளிச்சமும் வர்ணமும் கண்ணைப் பறிக்கும். வீட்டுக்கு வந்து முறையை மாற்றியதும், "கடையிலே பார்த்தது இதுதானா?" என்று குடும்பத்தில் ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றபோது, இதே மாதிரியான ஒரு மேஜைக்கு முன்னால் 2020 தீபாவளிச் சமயத்தில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது.

அந்த வருஷம் மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள் திறக்கவில்லை. பாடமெல்லாம் செல்போனில். நம் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைப் பழுது பார்க்கும் தச்சரின் பெண் நம்மிடம் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே செல்போன் அவரோடு வேலைக்குப் போய்விடும். அவர் இரவு திரும்பி வந்த பிறகு அந்தப் பெண் பாடங்களை நோட்டில் எழுதிக்கொள்ளும். கடைசியில் அவர் பதினைந்தாயிரம் ரூபாய் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தார். "நீங்க கூட வந்தா ஏமாத்த மாட்டாங்க சார்" என்றார். அந்த நம்பிக்கையோடு நம்மையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனார்.

கடை வாசலில் கைக்குக் கிருமிநாசினி ஊற்றினார்கள். எட்டு மாதமாக உலகமே "எதையும் தொடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். உள்ளே மேஜைமேல் மட்டும் "தொட்டுப் பாருங்கள்"! நாம் உற்சாகமாகத் தொட ஆரம்பித்தோம். பதினாலாயிரத்துச் சொச்சம் விலையுள்ள ஒன்று நமக்கு வெகுவாகப் பிடித்துவிட்டது. கால் மணி நேரம் அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இதையே வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டோம். அதுவரையில் தச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்களும் தொட்டுப் பாருங்களேன்" என்றோம்.

அவர் சங்கோசத்துடன் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு ஒரு விரலை வைத்தார். திரை சும்மா இருந்தது. அழுத்தினார். அப்பொழுதும் சும்மா இருந்தது.

"அழுத்தாதீங்க அண்ணே, லேசாத் தொடுங்க" என்றான் கடைப் பையன். லேசாகவும் தொட்டார். பயனில்லை.

தச்சர் சிரித்துவிட்டார். "ரேஷன் கடை மிஷினும் இப்படித்தான் சார். என் கையை வச்சா, யாருன்னு தெரியலேன்னுடும்."

இந்தத் திரைகள் அழுத்தத்துக்கு மசிவதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திப் பூச்சு ஒன்று இருக்கிறது. நம் விரலும் ஈரமுள்ள ஒரு மின்கடத்தியாதலால், அருகே வந்ததும் அங்குள்ள மின்புலம் சிறிது மாறுகிறது. அந்த மாறுதலைத்தான் கருவி கண்டுகொள்கிறது. கையுறை போட்டால் தெரியாது. தோல் காய்த்துத் தடித்து உலர்ந்துபோன விரலும் பல சமயங்களில் அதற்குத் தெரிவதில்லை. முப்பது வருஷமாக உளியும் இழைப்புளியும் பிடித்த கைக்கு வேறெப்படித் தோல் இருக்கும்?

அந்தச் சமயத்தில் பெண் பக்கவாட்டிலிருந்து சுண்டு விரலை நீட்டினாள். திரை மலர்ந்துவிட்டது. "தொடுங்கள்" என்று சொன்ன நாம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விலைச் சீட்டைப் பார்த்தோம்.

தச்சர் திரையை விட்டுவிட்டு மேஜையின் விளிம்பைத் தடவினார். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். "பார்ட்டிகிள் போர்டு. மேலே மைக்கா ஒட்டியிருக்கு. தண்ணி பட்டா உப்பிக்கும்" என்றார். பிறகு கடைப் பையனிடம் திரும்பி இரண்டே கேள்விகள் கேட்டார். "கீழே விழுந்தா கண்ணாடி மாத்த என்ன ஆகும், தம்பி? அதைத் திருச்சியிலேயே மாத்தலாமா?"

பையன் நம்மைப் பார்த்தான்; கல்லாப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணே, சார் சொல்றதுக்குக் கண்ணாடி மெட்ராஸ்லேருந்து வரணும். பாதி விலை ஆயிடும். பாடம் கேக்கத்தானே? அதோ அந்த ஓரத்திலே இருக்கிறதைப் பாருங்க. ஐயாயிரம் குறைச்சல். கண்ணாடி இங்கேயே போட்டுக்கலாம்" என்றான்.

ஓரத்தில் இருந்ததன் திரை மங்கலாக இருந்தது. அதன் முன்னால் அன்றைக்கு யாருமே நின்றதாக நமக்கு நினைவில்லை. தச்சர் அதைத் தொடவே இல்லை. கையில் வாங்கி எடை பார்த்தார், மூலைகளைப் பார்த்தார், சரி என்றார். நமக்கோ நாம் சிபாரிசு செய்த டாப்லெட்டை விட்டுப் பிரிய மனமில்லை. "படம் சற்றுத் தெளிவாக இருக்குமே…" என்று இழுத்தோம். நம் பணமல்ல, நம் பெண்ணுமல்ல. ஆனாலும் அதை யாரோ நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோலத்தான் இருந்தது! பேராசிரியர்களின் ஆராய்ச்சியைப் பிற்பாடு படித்தபோது, அதற்கு நாமே ஓர் உதாரணமாக இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

மிச்சமான ஐயாயிரத்தில் பெண்ணுக்குத் தீபாவளிப் பாவாடை சட்டை எடுத்ததுபோக, மீதி அந்த வருஷத்து இண்டர்நெட் செலவுக்கு ஆயிற்று என்று அவர் பின்னால் சொன்னார். அந்தப் பெண் இப்பொழுது பாலிடெக்னிக் முடித்துவிட்டாள். அந்தக் கண்ணாடி ஒருமுறை உடைந்து திருச்சியிலேயே மாற்றவும் பட்டது.

அந்தக் கார்த்திகை மாதம் தச்சர் நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிறு மரப்பலகை. தேக்கு, யாருடைய வீட்டு வாசற்காலுக்கோ அறுத்ததில் மிஞ்சிய துண்டு. கீழே ஒரு காடி வெட்டி, டாப்லெட்டைச் சாய்த்து வைப்பதற்குத் தோதாகச் செய்திருந்தார். கடையில் பார்த்த தாங்கியின் சாய்மானம் சரியில்லையாம், கழுத்து வலிக்குமாம். பெண்ணுக்கு ஒன்று செய்யும்போது நமக்கும் ஒன்று செய்ததாகச் சொன்னார்.

"நம்மிடம் டாப்லெட் இல்லையே?" என்றோம்.

"எப்பவாச்சும் வாங்குவீங்க இல்லே சார்?"

இதுவரையில் வாங்கவில்லை. சென்ற வாரம் மிக்ஸி ஜாரை வாங்கிக்கொண்டு புறப்படும்போதுகூட அந்த மேஜைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே வந்துவிட்டோம். தேக்குத் தாங்கியில் நம் வீட்டுப் பஞ்சாங்கம் நிற்கிறது.