ஃப்ரீ சாஃப்ட்வேர்ல போட்ட இசை 5 வருஷம் கழிச்சும் திறக்குமா?

ஒலியை உருவாக்க ஒரு பெட்டி, அதை வடிகட்ட ஒரு பெட்டி, தாளத்துக்கு ஒரு பெட்டி. இவற்றை கேபிள் போட்டு இணைத்தால் இசை ரெடி. இதுதான் மாடுலர் சிந்தசைஸர். நிஜப் பெட்டிகளாக வாங்கினால் ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதையே லேப்டாப் திரைக்குக் கொண்டுவந்தது, ஆண்ட்ரூ பெல்ட் 2017-ல் வெளியிட்ட வி.சி.வி ரேக். அடிப்படை வெர்ஷன் இலவசம். சேர்த்துக்கொள்ள ஆயிரக்கணக்கான மாட்யூல்களும் இருக்கின்றன.

இன்ஸ்டால் பண்ணிட்டு உடனே வாசிக்க ஆரம்பிச்சிடலாம்தான். ஆனால், இதை நம்பி ஒரு ஆல்பமோ குறும்படத்துக்கான இசையோ போடப் போகிறீர்கள் என்றால், லைசென்ஸ் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கே காசு கேட்கிறார்கள்?

ரேக் ஃப்ரீ தனியாகத்தான் ஓடும். ஏபிள்டன் லைவ், எஃப்.எல் ஸ்டூடியோ போன்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ளேயே பிளக்இன்னாக வேலை செய்ய வேண்டும் என்றால் ரேக் ப்ரோ வாங்க வேண்டும். 2021 நவம்பரில் ரேக் 2 வந்தபோதுதான் இந்தப் பிரிவு வந்தது. ப்ரோ விலை 149 டாலர். நம்ம காசுக்கு 12,000 ரூபாயைத் தாண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டைத் திட்டுபவர்கள் உண்டு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. எதற்குக் காசு என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்கிறார்கள். வாங்காதவர்களின் இசையை யாரும் பூட்டி வைப்பதில்லை. நிஜமான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

நீங்கள் சேமிப்பது பாட்டை இல்லை

ரேக்கில் சேமிக்கும் பேட்ச் கோப்பில் பெரும்பாலும் ஒலியே இருக்காது. எந்த மாட்யூல், எந்தக் குமிழ் எவ்வளவு திருகியிருக்கிறது, எந்த கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது என்ற விவரம்தான் இருக்கும். சமையல் குறிப்பு மாதிரி. கடையில் சாமான் இல்லை என்றால் குறிப்பை வைத்துக்கொண்டு குழம்பு வைக்க முடியாது.

இங்கே சாமான் என்பது, வேறு யாரோ எழுதிய மாட்யூல்கள். ரேக்கின் வெர்ஷனில் முதல் எண் மாறினால் பழைய பிளக்இன்கள் அப்படியே ஓடாது. 1-லிருந்து 2-க்குப் போனபோது ஒவ்வொரு பிளக்இன்னையும் புதிதாக பில்ட் செய்ய வேண்டியிருந்தது. ஆப்பிளின் புதிய சிப்களிலும் இதே கதைதான். அவற்றுக்கான ரேக்கில், இன்டெல்லுக்காக பில்ட் செய்த பிளக்இன் லோட் ஆகாது. எழுதியவர் திரும்ப பில்ட் செய்து தராவிட்டால், உங்கள் பேட்ச்சைத் திறக்கும்போது அந்த மாட்யூல் இல்லை என்றுதான் மெசேஜ் வரும்.

அப்போ யார் காப்பாத்துவா?

விடை லைசென்ஸில் இருக்கிறது. ரேக்கின் சோர்ஸ் கோட் ஜி.பி.எல் 3 லைசென்ஸில் வெளியானது. அதன் வழக்கமான விதிப்படி, அதோடு சேர்ந்து ஓடும் பிளக்இன்களும் அதே லைசென்ஸுக்குள் வர வேண்டும். வி.சி.வி இதில் ஒரு விலக்கு தருகிறது: பிளக்இன்னை இலவசமாகக் கொடுத்தால் எந்த லைசென்ஸும் வைத்துக்கொள்ளலாம்; ஜி.பி.எல் அல்லாத லைசென்ஸில் விற்பதாக இருந்தால் வி.சி.வி-யோடு தனி ஒப்பந்தம் போட வேண்டும்.

அதனால், ‘இலவசம்’ என்று கிடைக்கும் எல்லாமே ஓப்பன் சோர்ஸ் கிடையாது. சோர்ஸ் திறந்திருந்தால், எழுதியவர் ஒதுங்கிவிட்டாலும் வேறொருவர் அதைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றித் தரலாம். மூடியிருந்தால் அவர் ஒருவரால் மட்டுமே முடியும். அவருக்கு வேலை மாறலாம், ஆர்வம் போகலாம். நம்ம பேட்ச் அதோட நின்னுடும்.

இதற்கு நல்ல உதாரணம் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். எமிலி ஜிலே நடத்திய இந்த நிறுவனம் 2022-ல் தயாரிப்பை நிறுத்தியது. ஆனால், அதன் மாட்யூல்களின் கோட் ஓப்பன் சோர்ஸாக இருந்ததால், ‘பிளேட்ஸ்’ போன்றவை ரேக்கில் இன்றும் இலவசமாக ஓடுகின்றன. கம்பெனி கடையை மூடினாலும் அதன் ஒலி பிழைத்துக்கொண்டது.

ரேக்கின் கோட் திறந்திருப்பதால் இன்னொரு பலனும் கிடைத்தது. ‘டிஸ்ட்ரோ’ புராஜெக்ட் அதை வைத்து ‘கார்டினல்’ என்ற இலவச பிளக்இன்னை உருவாக்கியது. ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் காசு கொடுக்காமலே ஓடும். ஆனால், உள்ளே இருப்பவை ஓப்பன் சோர்ஸ் மாட்யூல்கள் மட்டும்தான்; வெளியிலிருந்து புதிதாக எதையும் சேர்க்க முடியாது. ரேக்கில் போட்ட பேட்ச்சில் ஒரு மூடிய மாட்யூல் இருந்தாலும், இங்கே அந்த இடம் காலிதான்.

என்ன செய்யலாம்?

* வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி ஆடியோ கோப்பாக எடுத்து வையுங்கள்.
* பேட்ச்சோடு ரேக் வெர்ஷன், மாட்யூல் பெயர்களைக் குறித்து வையுங்கள்.
* பழைய ரேக்கை உடனே அழிக்காதீர்கள். 1, 2 இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம்.
* பாட்டின் மையமான ஒலிக்கு முடிந்தவரை ஓப்பன் சோர்ஸ் மாட்யூலைப் பயன்படுத்துங்கள்.

மாட்யூல் எழுதிச் சம்பாதிப்பதில் தப்பே இல்லை. அதற்கும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஆனால், விற்பவர்கள் ஒரு உறுதி தரலாம்: ‘இதைப் பராமரிப்பதை நான் நிறுத்தினால், சோர்ஸ் கோடைத் திறந்துவிடுவேன்’. விற்பனைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி போதும். காசு கொடுத்து வாங்குபவர்கள் நாம்தானே, வாங்குவதற்கு முன்னால் அந்த வரியைக் கேட்கலாம்.