பிரஸ்ஸல்ஸில் ஒரு முடிசூட்டு விழா

ஐரோப்பிய ஒன்றியத்தைக் காட்டி நமக்கு ஜனநாயகப் பாடம் நடத்தும் மேதாவிகள், 2018 பிப்ரவரி 21-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸில் நடந்ததை மட்டும் சொல்லமாட்டார்கள். நாம் சொல்கிறோம்.

அன்று ஐரோப்பிய ஆணையம் கூடியது. பிரிட்டன் விலகாத காலம். நாட்டுக்கு ஒருவராக 28 உறுப்பினர்கள். ஆணையத் தலைவர் யுங்கரின் சொந்த அலுவலகத்தை நடத்திவந்த மார்ட்டின் செல்மயரை முதலில் துணைத் தலைமைச் செயலாளர் ஆக்கினார்கள். உடனே, இருக்கிற தலைமைச் செயலாளர் ஓய்வு பெறுகிறார் என்று அறிவிப்பு. அதே கூட்டத்தில், சில நிமிடங்களில், செல்மயரே தலைமைச் செயலாளர்! முப்பதாயிரத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்கு மேலான நாற்காலி அது. அதற்கு விளம்பரம் இல்லை, போட்டி இல்லை. துணைப் பதவிக்கு மனுப்போட்டிருந்த இன்னொருவரும் விலகிக்கொண்டார். அவர் யாரென்றால், செல்மயரின் கீழ் வேலை பார்த்தவர்!

பழைய செயலாளர் போகப்போவது யுங்கருக்கும் செல்மயருக்கும் 2015 முதலே தெரியும். உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் முடிவு ஒருமனதாம்.

ஏன் வாய் மூடினார்கள்? ஒன்றியத்தில் சட்டத்தை முன்மொழியும் உரிமை ஏறக்குறைய முழுவதும் ஆணையத்துக்கே. மக்கள் வாக்களித்து அனுப்பிய நாடாளுமன்றத்துக்கே அது கிடையாது. ஆணையத்துக்குள்ளோ, எந்தக் கோப்பு எப்போது நகரும் என்பது தலைமைச் செயலகத்தின் கையில். அந்தக் கையை எந்த உறுப்பினர் பகைத்துக்கொள்வார்? அந்நிய மாநிலத்தில் ஒரு சான்றிதழுக்காக மேசை மேசையாக அலைந்த நமக்கு இது விளங்காத விஷயமா?

ஏப்ரலில் நாடாளுமன்றம் இதை ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஒப்பான செயல் என்று தீர்மானம் போட்டது. பதவி விலகச் சொல்லத் துணிந்ததா? இல்லை. செல்மயர் போனால் தானும் போவதாக யுங்கர் மிரட்டியதாகப் பத்திரிகைகள் எழுதின, கர்ஜித்தவர்கள் அடங்கினார்கள். செப்டம்பரில் குறைகேட்பு அதிகாரி எமிலி ஓரைலி நான்கு நிர்வாக முறைகேடுகளைச் சுட்டிக்காட்டினார். அதன் பிறகும் நாற்காலி அசையவில்லை.

அதிகாரம் இல்லாமலா அடங்கினார்கள்? ஆணையம் முழுவதையும் நீக்கும் அதிகாரம் அந்த நாடாளுமன்றத்துக்கு உண்டு. 1998-இல் பால் வான் பைட்டனன் என்ற தணிக்கை ஊழியர் முறைகேட்டுக் கோப்புகளை அதன் உறுப்பினர்களிடம் கொடுத்தார். ஆணையம் அவரை வேலைநீக்கத்தில் வைத்துப் பாதிச் சம்பளம் கொடுத்தது. ஆனால் 1999 மார்ச்சில், அந்த அதிகாரத்துக்கு அஞ்சித்தான் சான்டேர் தலைமையிலான ஆணையம் மொத்தமாக ராஜினாமா செய்தது. சாதாரண ஊழியர் ஒருவர் காட்டிய துணிவில் பாதி, 2018-இல் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளுக்கு இல்லாமல் போயிற்று!

செல்மயர் 2019 கோடையில் நாற்காலியை விட்டார். நாடாளுமன்றம் இறக்கிவிடவில்லை. அடுத்த தலைவராக உர்சுலா வான் டெர் லேயன் வந்தார். அவரும் ஜெர்மானியர், இவரும் ஜெர்மானியர். உச்சியில் இரண்டும் ஒரே நாட்டுக்கா என்ற கணக்கு இடித்தது. செல்மயருக்கு வியன்னாவில் ஆணையப் பிரதிநிதி அலுவலகத் தலைமை கொடுத்து அனுப்பினார்கள்.