கோல் அடிப்பவன் எங்கே நிற்கிறான்?

தை பிறந்துவிட்டால் திருப்பத்தூர், வேலூர்ப் பக்கமெல்லாம் எருது விடும் விழாதான். தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, காளையை அவிழ்த்துவிடுவார்கள். எல்லைக் கோட்டை எத்தனை நொடியில் தாண்டுகிறதோ அதுதான் கணக்கு. குறைந்த நொடிக்கு முதல் பரிசு. ஆனால் அந்தக் காளையின் சொந்தக்காரர் நொடியைப் பார்த்து அதை வாங்கியிருக்கமாட்டார். அது கன்றாக இருந்தபோதே தேடிப் போயிருப்பார். சுழி பார்த்து, காலைப் பார்த்து, தாய்மாட்டைப் பார்த்து, ஆள் கிட்டே போனால் மிரள்கிறதா முறைக்கிறதா என்று பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை போய்த்தான் முன்பணம் கொடுத்திருப்பார். கன்று நல்ல கன்று என்று காதில் விழுந்தால் போதும், காடென்றும் மலையென்றும் பார்க்காத ஆட்கள் அவர்கள்.

கன்றுக்காக மலையேறுகிற ஊரில் பையனுக்காக யாராவது ஏறுகிறார்களா? இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறேன்.

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது, சம்பந்தமே இல்லாத ஓர் ஆட்டம்: ஐஸ் ஹாக்கி. டொரண்டோவில் குடியேறிய நண்பர் ஒருவர், ஜூன் கடைசி வந்துவிட்டால் வேறு பேச்சே பேசமாட்டார். என்.எச்.எல். என்கிற தொழில்முறை லீகில் 32 அணிகள். வருஷத்துக்கு ஒருமுறை இந்த அணிகள் 18 வயதைத் தொட்ட பையன்களை ஏழு சுற்றுகளில் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். மொத்தம் 224 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், ஆள் தேடுவதையே வேலையாகக் கொண்ட ஒரு ஸ்கவுட் இருக்கிறார். எங்கோ ஒரு சின்ன ஊரின் குளிர்ந்த அரங்கில், காப்பிக் குவளையும் குறிப்பேடுமாகக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்த மனிதர்.

பார்வார்ட் என்கிற முன்கள ஆட்டக்காரனைத் தேடும் ஸ்கவுட் எதைப் பார்ப்பார்? வேகத்தை, உயரத்தை, அடியின் பலத்தை என்று நாம் நினைப்போம். அதையெல்லாம் யாரும் பார்த்துவிடலாம். 60 நிமிட ஆட்டத்தில் ஒரு பார்வார்ட் களத்தில் இருப்பது சுமார் 15 முதல் 20 நிமிடம்தான்; அதிலும் பக் என்கிற அந்த ரப்பர் வில்லை அவன் மட்டையில் இருப்பது ஒன்றிரண்டு நிமிடம் இருந்தால் அதிகம். மிச்ச நேரம் முழுக்க அது வேறு யாரிடமோ இருக்கிறது. அப்போது இவன் என்ன செய்கிறான் என்பதில்தான் தேர்ந்த ஸ்கவுட்டின் கண் இருக்கும். பக் வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறானா? காவலுக்கு நிற்பவனின் பார்வை விலகும் அந்தக் கணத்தில் இடத்தை மாற்றுகிறானா? இடிபடுவோம் என்று தெரிந்தும் கோல் வாய்க்கு முன்னால் போய் நிற்கிறானா? கைக்கு வந்ததும் நிறுத்தி, சரி பண்ணி, பிறகு அடிக்கிறானா, வந்த வேகத்திலேயே திருப்பிவிடுகிறானா? கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம்; அதையும் பாதுகாப்பு உடை போட்ட ஒரு ஆள் அடைத்துக்கொண்டு நிற்கிறார். மிஞ்சும் சந்து எங்கே என்று யோசித்துப் பார்க்க நேரம் கிடையாது. முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்களும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். 1993-ல் முதல் ஆளாக ஒட்டாவா அணி தேர்ந்தெடுத்த அலெக்சாண்டர் டேக், கனடாவே கொண்டாடிய பையன். கடைசியில் என்.எச்.எல்.-லில் அவர் கணக்கில் 129 கோல்கள்தான். 1984-ல் 116 பேர் போன பிறகு 117-வதாக எடுக்கப்பட்ட பிரெட் ஹல் 741 கோல் அடித்தார். அதே வருஷம் லூக் ரொபிடாயை 171-வது இடம் வரைக்கும் யாரும் சீந்தவில்லை. சறுக்குவதில் மந்தம் என்றார்கள். அந்த மந்தமான ஆள் 668 கோல்களோடு ஓய்வு பெற்றார். எட்மன்டன் அணியில் உடல்வலுச் சோதனை வைத்தால் வெய்ன் கிரெட்ஸ்கிக்குக் கடைசிப் பக்கத்தில்தான் இடம். அவருடைய 894 கோல் சாதனையை முறியடிக்க 2025 ஏப்ரலில் ஒவெச்கின்தான் வர வேண்டியிருந்தது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதெல்லாம் அறுவடை முடிந்த பிறகு சொல்லிக்கொள்வது.

அப்படியானால் யாருக்குத்தான் தெரிந்தது? டெட்ராய்ட் அணிக்காக ஐரோப்பாவில் ஆள் தேடிக்கொண்டிருந்த ஹோகன் ஆண்டர்சன் என்கிற சுவீடன்காரரின் கதையைச் சொல்ல வேண்டும். 1990-களின் கடைசியில் அவர் ரஷ்யாவுக்குப் போனது கலினின் என்கிற தடுப்பாட்டக்காரனைப் பார்க்க. எதிர் அணியில் ஒல்லியாக ஒரு பையன்; இரண்டு வருஷமாக எந்த அணியும் அவனை எடுத்திருக்கவில்லை. போன வேலையை விட்டுவிட்டு ஆண்டர்சனின் கண் அந்தப் பையன் பின்னாலேயே போயிற்று. மறுபடி ஒரு தடவை பார்க்கக் கிளம்பினார். அதே விமானத்தில் வேறொரு அணியின் ஸ்கவுட்டும் இருந்தார். பனிப்புயலால் விமானம் கிளம்பவில்லை. ஆண்டர்சனாவது முன்பே ஒரு தடவை பார்த்திருந்தார்; அந்த ஸ்கவுட் அந்தப் பையனைப் பார்க்கவே இல்லை. 1998-ல் டெட்ராய்ட் 171-வது பெயராகச் சொன்ன பாவெல் டாட்சுக், என்.எச்.எல்.-லின் ஸ்டான்லி கோப்பையை இரண்டு தடவை வென்று, 2024-ல் ஹாக்கி புகழ் மன்றத்துக்குள் நுழைந்தார். அடுத்த வருஷமே, வேறு ஒருவனைப் பார்க்கப் போன இடத்தில், இதே ஆண்டர்சன் ஹென்ரிக் செட்டர்பெர்கையும் கண்டுபிடித்தார். அவர் 210-வது பெயர்.

இதில் அதிர்ஷ்டம் இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டம் அரங்கில் போய் உட்கார்ந்த ஆளுக்குத்தான் வாய்த்தது.

இப்போது நம் மலைக்கு வருவோம். திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். சாமை விளையும் பூமி. வனத்துறையே பள்ளிக்கூடம் நடத்தும் மலை இது. பள்ளிக்கு மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி நடக்கிற பிள்ளைகளின் கால்வலுவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நெல்லிவாசல்நாட்டில் ஒரு சாயங்காலம், பையன்கள் கால்பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பைக் குவித்து வைத்தால் அதுதான் கோல் கம்பம். மைதானம் என்று சொல்லிக்கொண்டாலும் ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்த நிலம். எல்லோரும் பந்தைத் துரத்திக்கொண்டு கூட்டமாக ஓட, குட்டையான ஒருவன் மட்டும் சரிவுப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். சோம்பேறி என்றுதான் முதலில் பட்டது. கொஞ்ச நேரத்தில் கூட்டத்திலிருந்து தெறித்த பந்து, உருண்டு உருண்டு அவன் காலடிக்கே வந்தது. இரண்டு எட்டு வைத்தான், செருப்புகளுக்கு நடுவே தட்டிவிட்டான். மறுபடி அதே இடம். மறுபடி ஒரு கோல்.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவனைக் கேட்டேன். “ஏம்ப்பா, அங்கியே நிக்கிற?”

“பந்து அங்கதான் சார் வரும்.”

“எப்பிடித் தெரியும்?”

இது கூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தான். “மேட்டுல யாரு ஒதச்சாலும் பள்ளத்துக்குத்தான சார் வந்தாகணும்.”

அவன் பெரிய ஆட்டக்காரனாக வருவான் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. டேக்கைப் பார்த்து ஏமாந்தவர்கள் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள். ஆனால் ஒன்றைச் சொல்வேன்: ஸ்கவுட்டின் குறிப்பேட்டில் ஏற வேண்டிய விஷயம் அவனிடம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் குறிப்பேட்டோடு யாரும் அங்கே இல்லை.

நம்மிடம் தேர்வு முறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உலகத் திறனாய்வு என்ற பெயரில் 6, 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடற்திறன் போட்டிகள் நடக்கின்றன: ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளுக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்கிறது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் தேர்வு நடப்பது மாவட்டத் தலைநகரில். காலையில் அங்கே இருக்க வேண்டுமென்றால் மலையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஓட்டக்காரனைக் கண்டுபிடிக்க நிறுத்துக் கடிகாரம் போதும். பள்ளத்தில் காத்து நிற்கிறவனை அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது. 100 மீட்டரில் அவன் ஏழாவதாக வருவான், வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

வயது என்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கனடாவின் இளையோர் ஹாக்கியில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்களே நிறைந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985-ல் எடுத்துக்காட்டினார். வயதுப் பிரிவின் கணக்கு ஜனவரி 1-ல் தொடங்குகிறது. ஆக, ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருஷம் பெரியவன். பத்து வயதில் அந்த ஒரு வருஷம் மலை போல. வளர்ச்சியைத் திறமை என்று எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். நம் ஊரில் கதையே வேறு. போன தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியை எழுதிக் கொடுத்தவர் பள்ளியில் சேர்த்த வாத்தியார்தான். அவர் எழுதினால் அது ஜூனில்தான் வரும். காகிதத்தில் இருக்கும் வயதை வைத்துப் பிள்ளையை எடைபோடுகிறவர், பக்கத்தில் இருந்து பார்த்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்றால் யார்? புல்தரையில் ஆடும் நம் ஊர் ஹாக்கியின் தன்ராஜ் பிள்ளை விஷயத்தில் அது அவருடைய அண்ணன். புனே பக்கத்தில் கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்க் குடும்பம். அப்பா அங்கே மைதானப் பராமரிப்பாளர். உடைந்த மட்டையைச் சேர்த்துக் கட்டி ஆடிய தம்பியை, மும்பையில் ஆடிக்கொண்டிருந்த அண்ணன் ரமேஷ்தான் அங்கே அழைத்துக்கொண்டு போனார். 1989-ல் இந்திய அணி. அதற்குப் பிறகு நான்கு ஒலிம்பிக்ஸ், நான்கு உலகக் கோப்பைகள். எல்லாப் பையனுக்கும் மும்பையில் அண்ணன் இருக்கமாட்டான். அந்த அண்ணன் இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் அரசாங்கம் இருக்கிறது.

அரசாங்க ஏற்பாடு வேலை செய்யும் என்பதற்கும் கண்முன்னே சாட்சி உண்டு. அரியலூர்க்காரர் செல்வம் கார்த்தி கோவில்பட்டியில் ஆணையத்தின் ஹாக்கி மையத்தில் பயிற்சி பெற்ற பார்வார்ட். 2022 மே 23-ம் தேதி ஜகார்த்தாவில், ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல். அதே அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும் இருந்தார். மறு வருஷம் ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மைதானத்தில், ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் ஜப்பானை 5-0 என்று வென்றபோது ஐந்தாவது கோல் கார்த்தியுடையது. ஒரு ஊரில் செயற்கைப் புல் தளம், விடுதி, நாள் தவறாமல் வருகிற பயிற்சியாளர் என்று மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மலை என்பதால் முடியாது என்பவர்கள் லடாக்கைப் பார்க்கட்டும். அங்கே ஐஸ் ஹாக்கி ஆட இயற்கைப் பனித்தளம் கிடைப்பதே குளிர்காலத்தில் சில வாரங்கள்தான். முதல் தலைமுறைப் பெண்கள் இரவல் உபகரணங்களோடு ஆடக் கற்றுக்கொண்டார்கள். 2016-ல் முதல் சர்வதேசப் போட்டியில் தோற்றுத் திரும்பினார்கள். ஆனால் தாங்கள் கற்றதைத் தூர ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி முகாம் நடக்கிற இடத்திலேயே ஆள் தேர்வும் தானாக நடந்துவிடும். 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வாங்கியது. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள்.

நான் கேட்பது பனித்தளம் அல்ல. செயற்கைப் புல் கூட இப்போதைக்கு வேண்டாம். மலைப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஸ்கவுட் வேலையையும் ஒப்படையுங்கள். ஒரு படி கொடுங்கள், ஒரு குறிப்பேடு கொடுங்கள். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு முதலில் ஆசிரியரைக் கொடுங்கள். எந்தப் பிள்ளை எத்தனை நொடியில் ஓடினான் என்பதோடு, பந்து இல்லாத நேரத்தில் எங்கே நின்றான் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பை நம்பி, மாவட்டப் பயிற்சியாளர் வருஷத்துக்கு மூன்று தடவையாவது மலையேறட்டும். ஒரு தடவை போனால் பெரிய உடம்புக்காரன்தான் கண்ணுக்குத் தெரிவான். ஆட்டம் தெரிந்தவன் கண்ணில் பட இரண்டாவது, மூன்றாவது தடவை வேண்டும்.

தேர்ந்தெடுத்த பையனின் வீட்டுத் திண்ணையிலும் அவர் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். கனடாவில் 16 வயதிலேயே வீட்டை விட்டுப் போகும் பையன்களை, போகிற ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்கவைக்கிறார்கள். சாப்பாட்டு வேளைக்குக் கூப்பிட ஆள் இருந்தால்தான் பிள்ளை நிற்கும் என்பது அவர்களுக்குப் பழக்கத்தில் தெரிந்திருக்கிறது. மலைப் பிள்ளை சமவெளி விடுதியில் ஒரு மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டால், அவனுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதி மூடிவிடுவது எளிது. ஒரே ஊரிலிருந்து இரண்டு பேராக எடுங்கள். பாதிப் பேராவது விடுதியில் தங்கிவிடுவார்கள்.

அடுத்த தேர்வு முகாம் அறிவிப்பில் மாவட்டத் தலைநகரத்தின் பெயருக்குக் கீழே புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று பெயர்களும் வரட்டும். சாமை அறுப்புக் காலத்தில் மட்டும் தேதி வைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் எல்லாம் கொல்லையில் இருப்பார்கள். வந்து பார்த்துவிட்டு, மலையில் ஆளே இல்லை என்று அறிக்கை எழுதிவிடப் போகிறீர்கள்.