பேய்ப்படம் என்று நம்பிப் போனவர்கள்



போன இதழின் சினிமா பக்கத்தில் 'ஹெரிடிட்டரி' படத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேருக்கு எங்கள் மேல் கோபம். "பேய் எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து சோபாவிலேயே தூங்கிவிட்டேன். இதற்கா இரண்டு பக்கம் ஒதுக்கினீர்கள்?" என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். திருச்சிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியையின் கடிதமும் அன்றைய தபாலிலேயே வந்தது. படத்தில் சார்லி என்ற சிறுமி நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்புவாள். அதைக் கேட்ட பிறகு, ராத்திரியில் சுவரில் பல்லி கத்தினாலே எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறாராம்.

தூங்கிப் போனவருக்கும் தூக்கம் தொலைத்தவருக்கும் சேர்த்தே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். கதையை மறைத்துக்கொண்டு இதைப் பேச வழியில்லை.

முதலில் ஒன்று. படம் பிடிக்காதவர்களுக்கு ரசனை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்லும் கடிதங்களும் வந்திருக்கின்றன. அவற்றைப் பிரசுரிக்கப் போவதில்லை. இந்தப் பிளவு படம் பிறந்த ஊரிலேயே இருந்தது. ஆரி ஆஸ்டர் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. 2018 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் பார்த்த விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஜூன் மாதம் ஏ24 நிறுவனம் அமெரிக்கத் தியேட்டர்களில் வெளியிட்டது. அங்கே 'சினிமாஸ்கோர்' என்ற நிறுவனம், முதல் நாள் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் அட்டையைக் கொடுத்து, ஏ முதல் எஃப் வரை தரம் போடச் சொல்லும். இந்தப் படத்துக்கு விழுந்தது டி பிளஸ். 2013-ல் வந்த 'தி கான்ஜுரிங்' படத்துக்கு அதே முறையில் ஏ மைனஸ் கிடைத்திருந்தது.

இத்தனைக்கும் படம் ஓடாமல் போகவில்லை. சுமார் 1 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 8 கோடி டாலரைச் சுற்றி வசூலித்து, அதுவரை ஏ24 வெளியிட்ட படங்களிலேயே அதிக வசூல் கண்டது. டி பிளஸ் போட்டவர்களாலும் இதைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'கான்ஜுரிங்'கை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. அதுவும் ஒரு குடும்பத்தின் கதை, அங்கேயும் அம்மாவைத்தான் பீடை பிடிக்கிறது. ஆனால் பேய்களை ஆராயும் வாரன் தம்பதி உதவிக்கு வருகிறார்கள். கடற்கரையில் குடும்பத்தோடு இருந்த ஒரு நல்ல நாளை நினைவுபடுத்தித் தாயை மீட்கிறார்கள். பயந்து நடுங்கினாலும் மனசு நிறைந்து வீட்டுக்குப் போகலாம். நம் பேய்ப்படங்களிலும் பேய்க்கு ஒரு பிளாஷ்பேக், ஒரு நியாயம் இருக்கும். கணக்குத் தீர்ந்ததும் போய்விடும். 'ஹெரிடிட்டரி'யில் அந்த வழிகள் எல்லாமே அடைபட்டிருக்கின்றன. மகள் சார்லியைப் பறிகொடுத்த ஆனிக்கு ஆறுதல் சொல்ல வருகிறவள் ஜோன் ஒருத்திதான். குடும்பத்தைக் குழியில் தள்ளுகிறவளும் அவள்தான். டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு இது கசந்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

விளம்பரமும் ஒரு காரணம். டிரெய்லரைப் பார்த்தவர்கள் சார்லியைத்தான் கதையின் மையம் என்று நினைத்தார்கள். 'எக்ஸார்சிஸ்ட்' போல ஒரு சிறுமியைச் சுற்றிய கதையை எதிர்பார்த்துப் போனார்கள். அரை மணி நேரம் தாண்டியதும் அவள் இறந்துவிடுகிறாள். 1960-ல் 'சைக்கோ' பார்த்தவர்கள் நாயகி ஜேனட் லீயைப் பறிகொடுத்த அதே அதிர்ச்சி. அந்த டிரெய்லரைப் பற்றி இன்னொரு செய்தி: 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், 'பீட்டர் ராபிட்' பார்க்கப் பிள்ளைகளோடு வந்திருந்த பெற்றோர் முன் அதைத் தவறுதலாக ஓட்டிவிட்டார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்களாம் பலர்.

சரி, "ஒண்ணுமே நடக்கல, ஒரே லேக்" என்ற புகாருக்கு வருகிறேன். கடிதங்களில் அதிகம் வந்த வார்த்தை இந்த 'லேக்' தான்.

கார் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட்டியில் கேக் தின்ற சார்லிக்கு, அதிலிருந்த பருப்பு ஒத்துக்கொள்ளாமல் தொண்டை அடைக்கிறது. அண்ணன் பீட்டர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காரை விரட்டுகிறான். மூச்சுக்குத் தவித்தவள் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்ட, கம்பத்தில் மோதிவிடுகிறது. அதன் பிறகு படம் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். பீட்டர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் முகத்தை மட்டும் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. கார் மெல்ல வீடு வந்து சேர்கிறது. யாரையும் எழுப்பாமல் போய்ப் படுக்கையில் விழுகிறான். விடிகிறது. கண் திறந்தபடி கிடக்கும் அவன் முகத்தின் மேல், வெளியே காரைத் திறந்த அம்மாவின் அலறல் கேட்கிறது. அவள் என்ன பார்த்தாள் என்று அந்த நிமிடம் நமக்குக் காட்டுவதில்லை. அடுத்து சாலையோரத்தில் எறும்பு மொய்க்கும் தலை.

இதில் எந்த நொடியை வெட்டலாம்? பையன் படுத்துக் கிடக்கும் நேரத்தை வெட்டினால் அது வெறும் விபத்துக் காட்சியாகிவிடும். பெற்றவர்களிடம் சொல்ல முடியாத ஒன்றைச் செய்துவிட்டு, விடியக் கூடாதே என்று விழித்துக் கிடந்த ராத்திரி பலர் வாழ்க்கையில் இருக்கும். இயக்குநர் அந்த ராத்திரியைப் பிடித்திருக்கிறார். கடிதம் எழுதியவர்களில் பலர் பேயைவிட இந்தக் காட்சியைத்தான் தாங்க முடியவில்லை என்கிறார்கள்.

அடுத்து அந்தச் சாப்பாட்டு மேசை. தங்கை செத்த பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. மனதில் இருப்பதைச் சொல்லிவிடேன் என்று மகன் கிளறுகிறான். ஆனி வெடிக்கிறாள். ஆனியாக நடித்த டோனி கொலெட்டின் முகத்தைக் கவனியுங்கள். கோபம், அருவருப்பு, மகன் மேல் இன்னும் அணையாத பாசம், அதைச் சொல்ல வராத இயலாமை எல்லாம் அடுத்தடுத்து வந்து மோதுகின்றன. செய்ததை ஒப்புக்கொள்ள இந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை என்று கத்துகிறாள். பீட்டர் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: போக மாட்டேன் என்றவளை அந்தப் பார்ட்டிக்கு அனுப்பியது யார்? மேசையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. நடுவில் உட்கார்ந்த அப்பா ஸ்டீவ், போதும் என்று சொல்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாதவராக இருக்கிறார். இந்த நடிப்புக்கு அந்த ஆண்டின் கோதம் விருது கிடைத்தது. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் கொலெட்டின் பெயர் வரவில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. இப்படிப்பட்ட படங்களில் நடிப்பவர்களைப் பெரிய விருதுகள் கண்டுகொள்வது அரிது.

மெதுவாகப் போவதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. பீட்டர் இருட்டில் விழித்து எழும் காட்சியில், அவனுக்குப் பின்னால் சுவரின் மேல் மூலையில் ஆனி ஒட்டிக்கொண்டிருப்பாள். அதிரும் இசை கிடையாது, கேமரா அவள் பக்கம் திரும்பாது. தியேட்டரில் பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: எல்லோரும் ஒரே நேரத்தில் அலறவில்லையாம். முதலில் எங்கோ ஒருவர் மூச்சை இழுக்க, அடுத்த வரிசையில் இன்னொருவர், அப்புறம் பக்கத்து இருக்கை. போனில் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துப் பார்த்த நம் வாசகர்கள் சிலர் அவளைக் கவனிக்கவே இல்லை. மதுரை நண்பரே, நேரம் கிடைத்தால் அந்த ஒரு காட்சியை மட்டுமாவது இருட்டறையில், பெரிய திரையில் பாருங்கள்.

கடைசி அரை மணி நேரத்தைப் பற்றி, படத்தை ரசித்தவர்களுக்குள்ளேயே சண்டை. துக்கத்தில் உடைந்த குடும்பம் என்று நம்பிக் கூடவே வந்தவர்களை, பைமோன் என்ற பேயரசனும் அவனைக் கும்பிடும் கூட்டமும் ஏமாற்றிவிட்டதாக ஒரு கட்சி. தொடக்கத்தில் வரும் பாட்டியின் சாவு வீட்டிலிருந்தே எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை என்று எதிர்க்கட்சி. நான் இரண்டாவது கட்சி. சார்லியின் உயிரைக் குடித்த அந்தக் கம்பத்தில், பாட்டி கழுத்தில் போட்டிருந்த சின்னம் செதுக்கப்பட்டிருப்பதை மறுபடி பார்த்தபோது என்னால் சிறிது நேரம் படத்தைத் தொடர முடியவில்லை. பீட்டரும் ஆனியும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக் கிழித்துக்கொண்டார்களே, அது இரண்டு பேருடைய குற்றமும் இல்லை. அவர்கள் கடைசி வரை அதைத் தெரிந்துகொள்வதும் இல்லை. பீட்டரின் வகுப்பில் கிரேக்க நாடகம் ஒன்றைப் பற்றிப் பேசும்போது, தப்பவே வாய்ப்பில்லாதவர்களின் கதைதான் அதிகத் துயரமானது என்று ஒரு மாணவி சொல்வாள். அவன் காதில் அது விழுவதில்லை. தொடக்கத்தில் ஆனி செய்துவைத்த பொம்மை வீட்டுக்குள் கேமரா நுழைந்து, அந்த அறையே நிஜ அறையாக மாறுவதும் இதற்காகத்தான். அந்த வீட்டின் உட்புறத்தை ஸ்டூடியோவில் செட் போட்டு, வேண்டிய சுவரைக் கழற்றி எடுக்கும்படி அமைத்திருந்தார்கள். அதனால்தான் அறைகளைத் தள்ளி நின்று, மேலிருந்து யாரோ பார்ப்பதுபோலவே நாமும் பார்க்கிறோம்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கடிதம். கோவையிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணனுக்குப் பல வருடமாக மனச்சிதைவு நோய். மருந்தில் இருக்கிறார், வேலைக்கும் போகிறார். படத்தில் ஆனி, துக்கம் பகிரும் கூட்டத்தில், பட்டினி கிடந்து இறந்த தன் அப்பாவைப் பற்றியும், 'அம்மா என் உடம்புக்குள் ஆட்களைப் புகுத்துகிறாள்' என்று எழுதிவைத்துவிட்டுப் பதினாறு வயதில் உயிரை விட்ட அண்ணனைப் பற்றியும் சொல்வாள். நோய் என்று நாம் நினைத்தது உண்மையில் பேயின் வேலை என்று பிற்பாடு படம் காட்டுகிறது. "எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்கள் இருபது வருடம் முன்பு சொன்னதும் இதுதான். கோயில் கோயிலாகக் கூட்டிப்போய் அண்ணனின் நல்ல வருடங்களைத் தொலைத்தோம்" என்கிறார் அவர்.

இந்தக் கடிதத்துக்கு எதிராக என்னிடம் வாதம் எதுவும் இல்லை. படத்தின் பலவீனம் இது. தன் குடும்பம் சில வருடங்கள் பட்ட கஷ்டத்திலிருந்து கதை பிறந்ததாக ஆரி ஆஸ்டர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் நோக்கத்தில் குறை காணவில்லை. ஆனாலும் மனநோய் இரத்தத்தில் வந்த சாபம் என்ற எண்ணம் ஏற்கெனவே ஊறிக்கிடக்கும் இடத்தில், இதை இன்னொரு சாட்சியாக யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். சகோதரி, உங்கள் அண்ணன் மருந்தை நிறுத்தாமல் நலமாக இருக்கட்டும். மனச்சிதைவு நோயைப் பற்றி ஒரு மனநல மருத்துவரைக் கொண்டு விரிவான கட்டுரை கேட்டிருக்கிறோம்; வந்ததும் வெளியிடுவோம்.

கடைசியாக, வீட்டில் அண்மையில் துக்கம் நடந்தவர்கள் இந்தப் படத்தை இப்போது பார்க்க வேண்டாம். பீட்டராக நடித்த அலெக்ஸ் வுல்ஃபே படம் முடிந்து வெகு நாள் அதிலிருந்து மீள முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். படம் எங்கும் ஓடிப்போகாது.

அடுத்த இதழில் கடிதங்களுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்குகிறோம். படம் பிடித்ததா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், அந்தச் சாப்பாட்டு மேசையில் யார் பக்கம் நின்றீர்கள், ஆனியா பீட்டரா என்பதையும் எழுதுங்கள். எங்கள் அலுவலகத்திலேயே இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் பீட்டர் பக்கம்.

அன்புடன்,
ஆசிரியர்