உண்ண மறுத்த வீமன்

எமது வீட்டில் ஒரு நாய் உண்டு. வீமன் என்பது அதன் பெயர். மூன்று ஆண்டுகளுக்கு முன் எமது மகன் அதனைக் குட்டியாகக் கடகமொன்றில் வைத்துத் தூக்கி வந்தான். வந்த அன்றே அது தட்டிலிருந்த பாற்சோற்றை ஒரு மூச்சில் உண்டு முடித்து, தட்டையும் முற்றத்தின் மறுகோடி வரை நக்கித் தள்ளிச் சென்றது. அக்காட்சியைக் கண்ட மகன் பாரதத்து வீமனின் பெயரையே அதற்குச் சூட்டினான். பெயர் வைத்த வேளை எத்தகையதோ நாம் அறியோம். ஓராண்டு நிறையுமுன் அது தன் பெயருக்கு முற்றும் மாறான குணத்தைக் காட்டத் தொடங்கிற்று.

சோற்றை வைத்தால் வரும், முகரும், எம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும், பின்னர் கிணற்றடிக்குச் சென்று, உலகை வெறுத்த துறவியைப் போல முன்னங்கால்களின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். வீடு முழுவதும் கவலையில் ஆழ்ந்தது. "வாயில்லாச் சீவனைப் பட்டினி போடக்கூடாது மோனை, அது வைரவருடைய வாகனமல்லோ" என்று எமது அன்னையார் எம்மைக் கடிந்துகொண்டார்.

ஒருநாள் மாலை நாம் இது பற்றி வீட்டில் ஒரு விசாரணை நடத்தினோம். பாடசாலையில் பழகிய பழக்கம் வீட்டிலும் விடுவதில்லை. விசாரணையில் வெளிவந்த உண்மைகள் எம்மைத் திகைக்க வைத்தன. அதிகாலையில் அன்னையார் பாலில் தோய்த்த பாண் கொடுக்கின்றார். சோற்றை அது மறுத்ததும் மனைவியார் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கின்றார். பாடசாலை விட்டு வரும் மகள் பிஸ்கற் கொடுக்கின்றாள். மகனோ தன் தட்டிலிருந்து மேசைக்கடியால் பங்கு அனுப்புகின்றான். ஒவ்வொருவரும், "பாவம், இன்று அது ஒன்றும் உண்ணவில்லை, யாம் கொடுப்பது மட்டுமே" என்று எண்ணியிருந்தனர். தீர்ப்பளிக்க அமர்ந்த நாமும் குற்றத்திற்கு வெளியே நின்றோமல்லோம். மாலைத் தேநீரோடு வரும் வடையிற் பாதி எங்கே போகின்றது என்று மனைவியார் கேட்டபோது, நாம் விசாரணையை விரைந்து முடித்துக்கொண்டோம்.

வீமன் பட்டினி கிடக்கவில்லை. ஐந்து பேரிடம் ஐந்து விதமாக உண்டு கொண்டிருந்தது. சோற்றை மறுத்தால் அதைவிடச் சுவையானது வரும் என்ற பாடத்தை நாமே நாள்தோறும் அதற்குக் கற்பித்திருந்தோம்.

ரஷ்ய நாட்டு அறிஞர் பவ்லோவ் நாய்களின் சமிபாட்டை ஆராய்ந்து 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். உணவு வாயிற் படுமுன்னரே, உணவு கொண்டு வருபவரைக் கண்ட அளவிலேயே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை அவர் கண்டார். உணவில் வேட்கை எழும்போதே இரைப்பைச் சாறும் ஊறத் தொடங்குகின்றது என்பதையும் காட்டினார். இதனைப் பல ஆண்டுகளாக மாணவருக்கு விளக்கி வந்துள்ளோம். எனினும், எமது வீட்டில் பழக்கப்பட்டது நாயன்று, நாமே என்பதை உணர ஒரு விசாரணை வேண்டியிருந்தது. வீமன் முகத்தைத் திருப்பும். உடனே நாம் ஐவரும் எழுந்து ஓடுவோம்!

அன்றிரவே சில விதிகளை வகுத்தோம். நாய் வளர்க்கும் நேயர்களுக்குப் பயன்படுமென்பதால் அவற்றை இங்கே தருகின்றோம்.

வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு இருவேளை உணவு போதும். சின்னஞ்சிறு குட்டிகளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை வேண்டும். உணவைக் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், ஒருவரே வைத்தல் நன்று. இருபது நிமிடம் பொறுத்திருந்து, உண்ணாது விட்டதை ஒரு சொல்லும் சொல்லாமல் எடுத்துவிடுதல் வேண்டும். கெஞ்சுதலும் கூடாது; அதட்டுதலும் கூடாது. அடுத்த வேளை வரையில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வைத்தலாகாது. தின்பண்டம் கொடுக்கத்தான் வேண்டுமெனில், அது நாளுணவிற் பத்திலொரு பங்கை மிஞ்சாதிருத்தல் வேண்டும். புதிய உணவுக்கு மாற்றுவதாயின், பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுதல் வேண்டும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. மனிதருடைய நாவில் ஏறத்தாழ 9,000 சுவையரும்புகள் உள்ளன. நாயின் நாவில் இருப்பவை ஏறத்தாழ 1,700 மட்டுமே. நாய் உணவை மதிப்பிடுவது பெரும்பாலும் மூக்கினாலேயாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைக்கும் சோற்றில் மணம் எழாது. அதனை உடற்சூட்டளவுக்கு இளஞ்சூடாக்கி, மீன் அவித்த நீரிற் சிறிது தெளித்து வைத்தால், மறுத்த நாய் தானே வந்து உண்பதைக் காணலாம்.

"நாய் ஊனுண்ணும் விலங்கு, அதற்குச் சோறு எதற்கு?" என்று கேட்போரும் உளர். ஓநாயினின்றும் பிரிந்து மனிதரை அடுத்து வாழத் தலைப்பட்ட நாய், மனிதருடைய உணவுக்கும் ஏற்றதாக மாறியுள்ளது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஓநாயில் இரண்டு பிரதிகளாகவே காணப்பட, நாயில் நான்கு முதல் முப்பது வரை காணப்பட்டது. ஆதலால் நன்கு குழைந்த சோறு நாய்க்கு ஆகாததன்று. சோறு மட்டுமே உணவாவதுதான் ஆகாது. அதனோடு முள் நீக்கிய மீனோ, முட்டையோ, இறைச்சியோ, அவித்த பூசணியோ கரட்டோ சேர்தல் வேண்டும்.

ஆனால், நாம் அன்பு மேலீட்டால் ஊற்றும் குழம்பில் ஆபத்து உண்டு. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. சமைத்தாலும் அத்தன்மை மாறுவதில்லை. எமது மனைவியார் ஊற்றிய மீன் குழம்பிற் சின்ன வெங்காயம் எத்துணை இருந்ததென எண்ணும்போது இன்றும் நெஞ்சு துணுக்குறுகின்றது. திராட்சையும் அதன் வற்றலும் சிறுநீரகத்தைத் தாக்கும். சொக்கிலேற்று நஞ்சாகும். சீனிக்குப் பதிலாகச் சில இனிப்புகளிற் சேர்க்கும் சைலிற்றோல் அதனினும் கொடியது. சமைத்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். கொழுப்பு மிகுந்த எச்சம் சதையியை அழற்சியடையச் செய்யும்.

இவ்விதிகளின்படி நடந்த பத்தாம் நாள் வீமன் தட்டைத் துடைத்து வைத்தது. நாம் பெருமிதம் கொண்டோம். ஆயினும் ஒரு தொல்லை எஞ்சி நின்றது. எமது வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி உணவே ஆக்கப்படும். அன்று வைக்கும் பருப்புச் சோற்றை வீமன் காலையில் மறுக்கும். மாலையில் வேறு வழியின்றி உண்ணும். "அதுவும் விரதம் பிடிக்குது" என்று அன்னையார் நகைப்பார். பூனையைப் போலன்றி, நாய் திட்டமிட்டு ஆக்கிய மரக்கறி உணவிலும் வாழக்கூடியது. ஆதலால் நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தது. இருபத்தைந்து நாளும் எமது வீட்டு அடுக்களைக்குள் மச்சம் நுழைவதில்லை. ஆவணி வெயிலின் கொடுமையும் சேர்ந்துகொண்டது. ஒரு புதன்கிழமை காலையில் வீமன் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. வெள்ளிக்கிழமை நாடகம் புதன்கிழமையிலும் தொடங்கிவிட்டதென எண்ணி, இருபது நிமிடத்தில் தட்டை எடுத்தோம். மாலையிலும் அவ்வாறே. வியாழன் காலையிலும் மாலையிலும் அவ்வாறே. அன்னையார் இரங்கினார்; நாம் பவ்லோவை எடுத்துரைத்தோம். மனைவியார் மெல்லச் சொன்னார். நாம் விதியை நினைவூட்டினோம். ஆசிரியத் தொழில் மனிதருக்குத் தரும் குறைகளுள் ஒன்று, தாம் வகுத்த விதியிற் பெருங்காதல் கொள்ளுதல்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் அயல்வீட்டு அம்மையார், தம் வழக்கப்படி, பொரித்த மீன்துண்டொன்றை வேலிக்கு மேலால் வீமனுக்கு எறிந்தார். சிறிது நேரத்தில் மகள் எம்மிடம் வந்து நின்றாள். அவள் குரல் தளர்ந்திருந்தது. "அப்பா, மீன்துண்டைக் காகம் வந்து எடுக்குது. வீமன் பார்த்துக்கொண்டே கிடக்குது."

நாம் கிணற்றடிக்கு ஓடினோம். வாலை ஒருமுறை அசைத்தது, எழவில்லை. மகள் அதன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். செந்நிறமாயிருக்க வேண்டிய ஈறு, வெளுத்த சீலையின் நிறத்திலிருந்தது.

முச்சக்கரவண்டியில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். "எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை?" என்று அவர் கேட்டார். "இரண்டரை நாள்" என்றாள் மகள். நாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாயின் இயல்பான உடற்சூடு பரனைற்று 101 முதல் 102.5 பாகை வரையாம். வீமனுக்கு 104 பாகைக்கு மேலிருந்தது. காதினுள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணிகள் ஒளிந்திருந்தன. குருதித் துளியொன்றை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்த வைத்தியர், உண்ணிக் காய்ச்சல் என்றார். செங்குருதிக் கலங்களுக்குள் நுண்ணுயிர் புகுந்து அவற்றை அழிக்கும் நோய் அது. எம்மூர் போன்ற வெப்பமான இடங்களில் நாய்களுக்குப் பெரிதும் வருவது. இன்னும் ஒருநாள் கடந்திருந்தால் காப்பது அரிதாயிருக்கும் என்று அவர் சொன்னபோது, மகள் எம்மை நோக்கவில்லை. நோக்கியிருந்தாற்கூட அத்துணை வருத்தியிராது.

ஊசியும் குளிசையுமாக நாட்கள் கழிந்தன. நான்காம் நாள் மாலை வீட்டின் பின்புறத்தில் புகை எழுவதைக் கண்டு சென்றோம். முருங்கை மரத்தடியில் மூன்று கல்லை அடுப்பாக வைத்து, சிரட்டையை எரித்து, எமது அன்னையார் பழைய சட்டியொன்றில் முட்டை அவித்துக்கொண்டிருந்தார். திருவிழாக் காலத்தில் ஒருபோதும் முட்டையைத் தொட்டறியாதவர் அவர். எம்மைக் கண்டதும், "விரதம் எனக்குத்தானே மோனை, அதுக்கில்லையே" என்றார். அம்முட்டையின் மஞ்சட் கருவைத்தான் வீமன் முதன்முதலாக நக்கி உண்டது.

நேயர்களே, நாம் வகுத்த விதிகள் பிழையானவையல்ல. இன்றும் அவற்றையே கைக்கொள்கின்றோம். ஆனால் அவ்விதிகளைத் தொடங்குமுன் ஒரு கேள்வி உண்டு. அதனைக் கேளாது விட்டதே எமது தவறு. மறுக்கும் நாய் தெரிவு செய்கின்றதா, அல்லது எதனையுமே ஏற்க இயலாது கிடக்கின்றதா? அடம் பிடிக்கும் நாய் சோற்றை விட்டுவிட்டு மீனுக்கு ஓடிவரும். தெருவில் வண்டி சென்றால் குரைக்கும். நீங்கள் வெளிக்கிட்டால் படலை வரை வரும். நோயுற்ற நாய் மிக விரும்பியதையும் மறுக்கும்.

முதலில் அதன் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவத்தல் வேண்டும். காதையும் விரலிடுக்கையும் தடவி உண்ணி தேடுங்கள். பல்லில் நோவு உண்டா, வாந்தி உண்டா, சிறுநீர் கறுத்துப் போகின்றதா என்று கவனியுங்கள். சோர்வோடு ஒருநாள் முழுதும் உண்ணாதிருந்தால் மறுநாளுக்குப் பொறுக்க வேண்டாம். குட்டியாயின் அரை நாளும் பொறுக்க வேண்டாம். ஆனால், குணம் திடீரென மாறி, வாயில் நீர் வடிய, விழுங்க இயலாது நிற்கும் நாயின் வாயினுள், எலும்பு சிக்கியதென எண்ணி ஒருபோதும் கையை விடாதீர்கள். அது விசர்நோயாகவும் இருக்கக்கூடும். அத்தகைய நாயை நெருங்காது விலகி நின்று, மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

வகுப்பிலே வினாவுக்கு விடை கூறாது தலை குனிந்திருக்கும் மாணவனை அடக்காரன் என்று நாம் எத்தனை முறை எண்ணியிருப்போம்! அவர்களுள் எத்தனை பேர் காலையுணவின்றி வந்தவர்களோ, காய்ச்சலோடு வந்தவர்களோ! அவர்களுடைய ஈற்றைப் பார்க்க எம் மகளைப் போல ஒருவர் அங்கிருக்கவில்லை. இப்பொழுது கேள்வி கேட்குமுன் முகத்தைப் பார்க்கப் பழகி வருகின்றோம்.

வீமன் இன்று நலமாயிருக்கின்றது. மாதந்தோறும் உண்ணிக்கு மருந்து கொடுக்கின்றோம். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. பருப்புச் சோற்றை முகர்ந்துவிட்டு, வழக்கம்போல எம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, கிணற்றடிக்குச் சென்று படுத்தது. மகள் சென்று உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். "சிவப்பாய்த்தான் இருக்குது, அப்பா" என்றாள். அதன் பின்னரே நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம்.